பத்தொன்பது மிதவைகள்

பச்சைக் கோடு பதினொரு சதவீதத்தைத் தாண்டியபோது மணி இரண்டு இருபத்தைந்து. இன்னும் ஒரு மணி நேரம், கூடக்குறைய, அதற்குள் படம் முடிந்துவிடும், முடியாமல் எங்கே போகும், எட்டு மாதமாக இதே கணினியில் இதே கணக்கை நாற்பது தடவை ஓட்டியாயிற்று, ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை என்று பிரகாசி செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். நாலு மணிக்குக் குழு மாடிக்கு வரும். ஐந்து பேர். ஐந்து பேரும் அவளுக்குத் தெரிந்தவர்கள்தான், ஐந்து பேரையும் ஏதாவது ஒரு கருத்தரங்கில் வாயடைக்க வைத்திருக்கிறாள், அதில் இரண்டு பேர் அவளைப் பார்த்தால் இப்போதும் காபி டம்ளரோடு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். வரட்டும். வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, படத்தைப் பூட்டிவிட்டுப் போகட்டும். படத்தைப் பூட்டுவது என்றுதான் ஆபீஸில் சொல்வார்கள். பூட்டிய பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு புள்ளியைக்கூட யாரும் நகர்த்த முடியாது. கப்பல்காரன் அதைத்தான் பார்ப்பான், மீனவர்களுக்கு ரேடியோவில் வாசிக்கிறவன் அதைத்தான் பார்ப்பான், எஞ்சின் நின்றுபோன படகைத் தேடப் போகிற ஹெலிகாப்டர்காரனும் அதைத்தான் பார்ப்பான். இந்தியாவைச் சுற்றியிருக்கிற கடலின் இருபது வருஷத்துச் சராசரி உயரம், சராசரி ஓட்டம், மாசத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம். செய்தது யார் என்று கேட்டால் கீழ் மூலையில் பொடி எழுத்தில் அவள் பெயர் இருக்கும். பொடி எழுத்து போதும். ஏசி தலைக்கு மேலே கடகடத்தது. அதைச் சரிபண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்தே ஒரு வருஷம் ஆகிறது, கடலை அளந்துவிடலாம், இந்த ஏசிக்காரனை வரவழைக்க முடியாது. மதியம் சாப்பிட்ட எலுமிச்சைச் சோறு தொண்டையில் நின்றது. வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்திருந்தாள், டப்பாவில் வைக்கவில்லை, இந்த மாடியில் கருவாட்டு டப்பாவைத் திறந்தால் பாதிப் பேர் ஜன்னலைத் திறப்பார்கள். கடல் ஆராய்ச்சி நிலையமாம். கடல் வாசனை மட்டும் ஆகாது.

கடல் தட்டையாக இருக்கிறது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். எங்கே தட்டை? அலையை விட்டுத் தள்ளு, அலை அடிக்கும் அடங்கும், அலையெல்லாம் கழித்தபிறகும், இருபது வருஷத்துக்குச் சராசரி எடுத்தபிறகும், இந்த இடத்தில் தண்ணீர் ஒரு முழம் மேடாக நிற்கும், அந்த இடத்தில் ஒரு சாண் பள்ளமாகக் கிடக்கும். மேட்டுத் தண்ணீர் நேராகப் பள்ளத்துக்கு வழிந்துவிடுமா என்றால் வழியாது, பூமி சுற்றுகிற சுற்றில் பக்கவாட்டில் திரும்பி மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். அந்த ஓட்டம்தான் நீரோட்டம். உயரம் தெரிந்தால் ஓட்டம் தெரியும். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் மேலே இருந்துகொண்டு செயற்கைக்கோள் அந்த மேட்டை விரற்கடைக் கணக்கில் அளந்து சொல்கிறது, அடேயப்பா என்று முதல் வருஷம் வாயைப் பிளந்தவள்தான் அவளும். அப்புறம் அதனுடைய குறைகளும் தெரிந்தன. எந்த மட்டத்திலிருந்து மேடு என்று சொல்வதற்குப் பூமியின் ஈர்ப்புப் படம் ஒன்று வேண்டும், அந்தப் படத்துக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த சமாசாரமெல்லாம் கண் தெரியாது. முப்பது கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நீரோட்டம் வாய்க்கால் மாதிரி ஓடினால் மேலே இருக்கிற மகாராசனுக்கு அது இல்லவே இல்லை. அதற்குத்தான் மிதவைகள். கால்பந்து பெருசுக்கு ஒரு குமிழ், உள்ளே ஒரு ரேடியோ, அடியில் கயிறு, கயிற்றின் நுனியில் ஏழு மீட்டர் நீளத்துக்குத் துணிக்குழாய். பாவாடை என்று ஆபீஸில் பெயர். குமிழை மட்டும் கடலில் போட்டால் காற்று தள்ளிக்கொண்டு போகும், பாவாடை கட்டிப் போட்டால் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். மணிக்கு ஒரு தடவை நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லும், தண்ணீரின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். இருபது வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் மிதவைகள் இந்தக் கடலில் அலைந்திருக்கின்றன. நாலாயிரத்தின் பாதையையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். இருபத்தி நாலு சதவீதம்.

படத்தைப் பாத்துதான் மேடம் தேடறோம். இது எங்கே இப்போது வந்தது? ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹெலிகாப்டர் சத்தம்கூட இல்லை, எதிர்க் கட்டிடத்தில் வெள்ளையடிக்கிறார்கள், அதுதான். ஆனால் வந்துவிட்டது. போன ஆடி மாசம் தேடுதல் ஆபீஸ் அதிகாரி ஒருத்தர் போனில் சொன்ன வாசகம், குரல்கூட அப்படியே நிற்கிறது, ஜலதோஷம் பிடித்த குரல். கிளீட்டஸ் போன படகு, அவள் தம்பி கிளீட்டஸ், குமரிக்குத் தெற்கே அறுபது மைலில் எஞ்சின் நின்று, அதைக் கரைக்குச் சொன்ன கையோடு ரேடியோவும் செத்து, எட்டுப் பேரோடு காணாமல் போன மூன்றாம் நாள் அது. அவள் நல்லா கத்தினாள். இவ்வளவு பெரிய ஆபீஸ் வைத்துக்கொண்டு என்ன சார் பண்றீங்க, படம் இருக்கில்ல, எங்க படம், அதைப் பாத்துத் தேடுங்க சார் என்று கத்தினாள். அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு, படத்தைப் பாத்துதான் மேடம் தேடறோம், எஞ்சின் நின்ன எடத்தைச் சுத்தி நாப்பது மைல் என்றார். பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். இல்லையென்றால் படிக்கத் தெரியவில்லை. எத்தனை பேருக்கு அந்த அம்புக்குறிகளைப் படிக்கத் தெரியும், நீளமான அம்பு வேகம், குட்டி அம்பு மெதுவு என்றுகூடத் தெரியாத அதிகாரிகளை அவள் பார்த்திருக்கிறாள். ஆறாம் நாள் இருநூறு மைல் கிழக்கே ஒரு சரக்குக் கப்பல்காரன் கண்ணில் பட்டு எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். உயிரோடு. மாதாவே என்று அவள் ஆபீஸ் கழிப்பறையில் நின்று அழுதாள், அன்றைக்கு மட்டும்தான். அதற்கப்புறம் அந்த அதிகாரியை நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பதோடு சரி. கிளீட்டஸ் பழைய கிளீட்டஸாகவே வந்தான், பத்து கிலோ குறைந்து, வாய் மட்டும் குறையாமல். சித்திரையில் அவன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் இலையில் உட்கார்ந்துகொண்டு, எக்கா ஒன் படத்தை செல்போன்ல பாத்தேன், நல்லாதான் இருக்கு, ஆனா நாங்க கெடந்த எடம் அதுல வெள்ளையா கெடக்கே, அங்க ஆடி நீவாடு ஆளத் தூக்கிட்டுல்லா போவும் என்றான். நீவாடு என்றால் அவர்கள் பாஷையில் நீரோட்டம். அவள் சிரித்தாள். லேய், நீ ஒரு ஆடியில கண்டத வெச்சு இருவது வருசத்துச் சராசரிய மாத்த முடியுமால என்று கேட்டாள். பக்கத்து இலைக்காரர்களும் சிரித்தார்கள். அவன் கறியை எடுத்து அவள் இலையில் வைத்துவிட்டு, சரி நீ படிச்சவ, தின்னு என்றான்.

தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே. ஒரு படகு, ஒரு ஆடி, அதுவும் பாவாடை இல்லாத படகு, காற்று தள்ளியிருக்கும். சராசரி என்பது இந்த மாதிரி ஆளுக்கொரு கதைக்கெல்லாம் வளைந்துகொடுக்காது, அதுதான் அதன் அழகு. முப்பத்தெட்டு சதவீதம். நாலு மணிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள், யோசிக்க என்ன இருக்கிறது, வழக்கம்போல அடுப்பங்கரைக் கதைதான். பதினைந்து வருஷமாக எந்த மேடையில் ஏறினாலும் அந்தக் கதையைச் சொல்கிறாள், ஒரு தடவைகூடச் சிரிக்காத கூட்டம் கிடையாது. அவள் பத்தாவது படிக்கும்போது அவள் அப்பா கடலில் மிதந்த ஒரு குமிழைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எந்த நாட்டுக்காரன் போட்டதோ, என்ன சாமானோ, பார்க்க நன்றாக இருந்தது, எடுத்தார், அவ்வளவுதான். மீனவன் கண்ணில் பட்ட எது திரும்பக் கடலுக்குப் போயிருக்கிறது? அம்மா அதைக் கவிழ்த்து அடுப்பங்கரையில் உட்காரும் பலகையாக்கிக்கொண்டாள். அது பாட்டுக்கு மணிக்கு மணி ரேடியோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கும். ஆக, எங்கேயோ ஒரு ஊரில் ஒரு விஞ்ஞானி, மணிக்கு ஏழு மைல் வேகத்தில் ஒரு நீரோட்டம் கரையேறி, மாதாகோயிலைச் சுற்றி, எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்து அங்கேயே நிற்கிறது என்று படம் வரைந்திருப்பார் என்பாள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், பூட்டாத வெள்ளோட்டமாக முதல் படம் போட்டபோது, படகில் ஏறிய மிதவைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவள்தான் ஒரே நாளில் விதி எழுதினாள். கரையிலிருந்து நூறு மைலுக்குள், மணிக்கு மூன்று மைலுக்கு மேல் ஒரு மிதவை ஓடினால் அது படகில் ஏறிவிட்டது, தூக்கிப் போடு. வலையை இழுத்துக்கொண்டு போகிற படகின் வேகம் அது. பக்கத்து மேசை சர்புதீன், ப்ரோகிராம் எழுதுகிறவர், சாதுவான மனுஷன், மேடம் வேகத்தோட சேத்து சூட்டையும் பாத்துடலாமா, எல்லா ஃபைல்லயும் சூட்டுக்குன்னு ஒரு வரிசை இருக்கு என்று கேட்டார். எங்க ஊர்க்காரங்களை எனக்குத் தெரியாதா சர்பு என்றாள். அவர் சிரித்துவிட்டார். இவளும் சிரித்தாள். அதோடு முடிந்தது. மீனவர் மகளே சொல்கிறாள், அப்புறம் யார் பேசுவது.

ஒரு படம் சேர்த்தால் கதை இன்னும் எடுபடும் என்று நாற்பத்தி நாலு சதவீதத்தில் தோன்றியது. சர்பு சொன்ன அந்தச் சூட்டையே போட்டுக் காட்டலாமே. தண்ணீரில் கிடக்கிற மிதவை இருபத்தெட்டு டிகிரியை விட்டு அரை டிகிரிகூட அசையாது, படகுத் தளத்தில் கிடந்தால் மத்தியானம் நாற்பதுக்கு ஏறும், விடியற்காலையில் இறங்கும், கோடு ரம்பப் பல்லாக இருக்கும், பாருங்கள் ஐயா பாவம் மிதவை வெயில் காய்கிறது என்றால் அந்த இரண்டு பேர்கூடச் சிரித்துத்தான் ஆகவேண்டும். தூக்கிப் போட்டவைகளின் பட்டியலைத் திறந்தாள். குமரிக்குத் தெற்கே, ஆடி மாசத்தில், பத்தொன்பது. எல்லாவற்றுக்கும் நேரே அவள் கையாலேயே அடித்த குறிப்பு: மீனவர் எடுத்தது. முதல் மிதவையின் சூட்டைக் கோடாகப் போட்டாள். இருபத்தெட்டு புள்ளி ஆறு. இருபத்தெட்டு புள்ளி ஐந்து. மறுபடி ஆறு. மத்தியானம் ஆறு, நடுச்சாமம் ஐந்து, விடிகாலை ஆறு. கோடு மேசை மாதிரி தட்டையாகக் கிடந்தது. அட, சூடு பார்க்கிற கருவி கெட்டுப்போன மிதவை போலிருக்கிறது, சனியன், முதலிலேயே இதுதான் கையில் மாட்ட வேண்டுமா. இரண்டாவதைப் போட்டாள். இருபத்தெட்டு புள்ளி மூன்று, இரண்டு, மூன்று. வேறு மிதவை, வேறு வருஷம், வேறு கம்பெனி செய்தது, அதற்கும் கெட்டுப்போயிற்றா? மூன்றாவது. வந்தது பார், நாற்பத்தொன்று, இருபத்தைந்து, நாற்பது, இருபத்தாறு, அழகான ரம்பம், உச்சிவெயிலில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ போட்டு வைத்திருக்கிறான். அப்பாடா. நான் சொன்னேன் இல்லையா. எடுத்தான் இல்லையா. இதையே கதைக்கு வைத்துக்கொள்ளலாம், படம் கிடைத்தாயிற்று, பட்டியலை மூடிவிடு, கைகழுவிவிட்டு வந்து தலையைச் சீவிக்கொள், நாலு மணி. கை மவுஸின் மேலேயே இருந்தது. மூடு என்றால் மூடவில்லை.

மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. ஆறு வருஷமாக ஒருத்தரும் திறந்து பார்க்காத பட்டியல், இன்னும் பத்து வருஷத்துக்கும் திறக்க மாட்டார்கள், அதற்குள் இவளுக்கு ஓய்வுக் காலமே நெருங்கிவிடும். இரண்டு மிதவைதானே, நாலாயிரத்தில் இரண்டு எந்த மூலைக்கு. இரண்டுதானா என்பதுதான் கேள்வி. இரண்டுதான் என்று இவளே சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டு? நாலாவதைப் போட்டாள், தட்டை. ஐந்து, தட்டை. ஆறு, ரம்பம். ஏழு, தட்டை. வெள்ளையடிக்கிறவன் எதிரே சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பதையும் போட்டு முடித்தபோது ரம்பம் எட்டு, தட்டை பதினொன்று. எட்டுப் பேர் உண்மையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவள் அப்பா மாதிரி எட்டுப் பேர். பதினோரு மிதவைகள் தண்ணீரில்தான் கிடந்தன. யாரும் தொடவில்லை. பாவாடையோடு, பதினைந்து மீட்டர் ஆழத்துத் தண்ணீர் இழுத்த இழுப்பில், மணிக்கு மூன்றரை மைல் ஓடின. மணிக்கு மணி இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று சொன்னன. சொன்னதையெல்லாம் அவள் படித்தாள், படித்துவிட்டுத் திருட்டுப் பட்டம் கட்டித் தூக்கிப் போட்டாள். வேறு யாராவது எழுதியிருந்தால் சர்புதீன் சூட்டைப் பார்த்திருப்பார். டெல்லிக்காரன் எழுதியிருந்தால் இவளே சண்டை போட்டுப் பார்க்க வைத்திருப்பாள், எங்கள் ஆட்களைப் பார்த்தால் உங்களுக்குத் திருடன் மாதிரி தெரிகிறதா என்று கேட்டிருப்பாள். ஊர்க்காரி எழுதினாள், அதனால் யாரும் கேட்கவில்லை. மேடையில் சிரிப்பு வந்த கதை, அப்படியே விதியாகி, கடலில் இருந்ததை இல்லாமல் அடித்துவிட்டது.

பதினோரு பாதைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். போடாமலே தெரியும், இருந்தாலும் போட்டாள். படகுகள் என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், மீன் இருக்கிற பக்கம், டீசல் இருக்கிற மட்டும், கடைசியில் எல்லாம் ஏதாவது ஒரு துறைமுகத்தில் வந்து முட்டும். இந்தப் பதினொன்றும் ஒரு கரையையும் தொடவில்லை. குமரிக்குத் தெற்கே ஒரே இடத்தில் கூடி, ஒரே வளைவில் கிழக்கே திரும்பி, இலங்கைக்குத் தெற்கே போய் வேகம் தணிந்து சிதறின. இருபது வருஷத்தில் வேறு வேறு ஆடியில், ஒரே பாதை. முப்பது கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. மேலே இருக்கிற மகாராசனுக்குக் கண் தெரியாத வாய்க்கால், மிதவைகள் மட்டும் கண்டு சொன்ன வாய்க்கால். சுவரில் தொங்குகிற பழைய படத்தை நிமிர்ந்து பார்த்தாள், ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் போட்ட முதல் படம், ஆடி மாசம். அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. வெள்ளை என்றால் அம்பு வரைகிற அளவுக்கு ஓட்டம் இல்லை என்று அர்த்தம். அங்கே ஒரு படகு நின்றுபோனால் எத்தனை தூரம் போகும்? வெள்ளையைப் பார்த்துக் கணக்குப் போடு, மூன்று நாளைக்கு, காற்றையும் சேர்த்துக்கொள். முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. இழுத்துப் பிடித்தால் நாற்பது மைல். படத்தைப் பாத்துதான் மேடம் தேடறோம். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்திருக்கிறது. வரிக்கு வரி படித்து, இவள் சொன்ன நாற்பது மைலுக்குள் ஹெலிகாப்டரைச் சுற்றச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், முதல் இரண்டு நாளிலேயே கிளீட்டஸ் நூற்றைம்பது மைல் போய்விட்டான். ஆறு நாள். எட்டுப் பேர். அவர்களை வெள்ளையில் தேட வைத்தவள், போனில் அவரிடமே கத்தினாள். அவமானம் காதுமடல் வரைக்கும் சுட்டது. செத்திருந்தால்? சாகவில்லை. செத்திருந்தால்? சாகவில்லை, ஒரு கப்பல்காரன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான், இவள் படத்தால் பிழைக்கவில்லை. புதுநன்மை விருந்தில் அவன் கறியை எடுத்து வைத்த விரல்கள், நகம் உரிந்து புதுநகம் பாதி வளர்ந்த விரல்கள், அதை அன்றைக்குப் பார்த்தாள், பார்த்துக்கொண்டேதான் சராசரி என்று சொன்னாள். பச்சைக் கோடு எழுபத்தொன்பது சதவீதம். எண்பது.

மவுஸை நகர்த்தி நிறுத்து என்கிற இடத்தில் அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. நிச்சயமாகத்தான். பச்சைக் கோடு மறைந்தது. செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, சர்பு, ஆறு வருஷத்துக்கு முன்னாடி சூட்டையும் பாக்கலாமான்னு கேட்டீங்களே ஞாபகம் இருக்கா என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, எதுக்கு மேடம் கேக்கறீங்க என்றார். பாத்திருக்கணும் என்றாள். அவர் வந்து அவள் திரையில் பதினோரு பாதைகளையும் பார்த்தார், சூட்டுக் கோடுகளைப் பார்த்தார், யா அல்லாஹ் என்று மெதுவாகச் சொன்னார், சொல்லிக்காட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விதியைத் திறந்தார். இயக்குநர் பூவராகன் அறை நாலு எட்டுதான். உள்ளே அவர் புதுச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் இறுக்கி, உரையை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். சார், படம் இன்னைக்கு பூட்ட வேண்டாம், நான் நிறுத்திட்டேன் என்றாள். என்னம்மா வெளையாடறியா, கமிட்டி கீழ காபி குடிச்சிட்டிருக்காங்க என்றார். குடிக்கட்டும் சார், நல்ல காபிதான். பிரகாசி! என்று அதட்டினார். குமரிக்குத் தெக்கே ஆடி மாசம் ஒரு ஓட்டம் இருக்கு சார், மூணரை மைல் வேகம், நம்ம படத்துல இல்ல, எல்லாரும் கேப்பாங்க யார் தப்புன்னு, என் தப்பு சார், நான் எழுதின விதி, நானே மேடையில நின்னு சொல்றேன். அவர் உரையைக் கீழே வைத்தார். உன் பேர் கெட்டுப் போயிடுமேம்மா என்றார், நிஜமான வருத்தத்தோடு. மூணு நாள் குடுங்க சார், சரிபண்ணி முடிச்சுடுவேன், என்னை விட்டா இந்த நாலாயிரத்தையும் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க என்றாள். அதைச் சொல்லும்போது குரல் பிசிறவில்லை. அவர் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, சரி, அடுப்பங்கரைக் கதையாவது சொல்லுவியா இன்னைக்கு என்றார். சொல்றேன் சார், ஆனா இன்னைக்கு அதுல யாரும் சிரிக்க மாட்டாங்க.

மூன்று நாற்பத்தைந்து. இன்னும் கால் மணி இருக்கிறது. படிக்கட்டு ஜன்னல் ஓரம் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, பக்கத்தில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். என்னக்கா இந்நேரம், படம் பூட்டியாச்சா என்றான். இல்லல, நிறுத்திட்டேன், நீ சொன்னதுதான் சரி, அங்க ஓடுது என்றாள். நாந்தான் கெடந்தேன்லா, எனக்குத் தெரியாதா என்றான், ஜெயித்த சந்தோஷம்கூட இல்லாமல், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அது எங்கேயோ சிக்கிக்கொண்டது, கேட்டாலும் இவன் சிரிப்பான். வேறொன்று கேட்க இருந்தது, ஒரு வருஷமாக அவள் கேட்காத ஒன்று. எஞ்சின் நின்னப்ப என்னல பண்ணுனீங்க, சும்மா வுட்டுட்டீங்களா படகை? எப்பிடி சும்மா வுடுவோம், படகு அலைக்கு குறுக்க நின்னா கவுந்துடும்லா, ரெண்டு வலையையும் சேத்துக் கட்டி, கல்லும் கட்டி, முன்பக்கமா இருவதடிக்கு தண்ணிக்குள்ள எறக்கிட்டோம் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாவாடை. இருபதடி ஆழத்துக்கு வலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தண்ணீர் போன வழியே போன படகு. காற்று தள்ளியிருக்கும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாள். கிளீட்டஸ், எடம் ஏதாவது குறிச்சு வெச்சியா அப்ப? ஜிபிஎஸ் பேட்டரி செத்து மூணாம் நாள்தானே போச்சு, அதுவரைக்கும் காலையும் சாயங்காலமும் நோட்டுல எழுதுனேன், ஆராவது கேட்டா குடுக்கலாம்னு. ஆரும் கேக்கல. நோட்டு வீட்டுலதான் கெடக்கு. எடுத்துட்டு வால, நான் போன்லயே இருக்கேன் என்றாள். அவன் நடக்கிற சத்தம், கதவு, மனைவியிடம் என்னவோ கேட்கிறான், அலமாரி, மகளின் குரல். அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, பதினொன்றுக்குக் கீழே புதுசாக ஒரு வரி போட்டாள். பன்னிரண்டு. குறிப்பு என்கிற கட்டத்தில் தண்ணீரில் இருந்தது என்று அடித்தாள். அவன் வாசிக்க ஆரம்பித்தான், முதல் நாள் காலை, முதல் நாள் சாயங்காலம், எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக, அவள் ஒவ்வொன்றாக அடித்தாள், புள்ளி நகர்ந்து நகர்ந்து அந்த வளைவின் மேலேயே போய் உட்கார்ந்தது. இரண்டாம் நாள் காலை. இரண்டாம் நாள் சாயங்காலம். கீழே காபி முடிந்து நாற்காலிகள் நகர்ந்தன. மூன்றாம் நாள் காலை என்று சொல்லிவிட்டு அவன் நிறுத்தினான். என்னல ஆச்சு என்றாள். ஒண்ணுமில்ல, எண்ணுக்குப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கேன், தண்ணி தீந்துச்சுன்னு எழுதியிருக்கேன், அது வேண்டாம்லா ஒனக்கு என்றான். வேணும், மெதுவா சொல்லு, எல்லாத்தையும் எழுதிக்கிடுதேன் என்றாள் பிரகாசி.